வெயில் தள்ளிக்கொண்டு போன வீடு

வெயிலுகந்தபுரம் பழைய செக்குத் தெருவில் இருந்த ஒரு மாடி வீடு, அண்ணன் தம்பி இரண்டு குடும்பங்களையும் இரண்டு கிரைண்டர்களையும் நடுவில் ஒரு சுவரையும் தூக்கிக்கொண்டு, அக்கினி நட்சத்திரத்தின் ஓர் உச்சிப்பொழுதில் தரையை விட்டுக் கிளம்பிச் செவ்வாய் கிரகத்தின் பக்கமாகப் போனது பற்றித் தெருவில் இன்றைக்கும் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. தப்பு முழுக்கப் பெரியவர் வனராஜன்மேல் என்பது ஒன்று. முழுக்கச் சின்னவர் ஜெயப்பிரகாசம்மேல் என்பது மற்றொன்று. வீடு எப்படிக் கிளம்பியது என்பதில் யாருக்கும் அபிப்பிராயம் கிடையாது. போன வீடு போய்விட்டது. போனவர்களில் யார் அயோக்கியன் என்று தெரிந்துகொள்வதுதானே அக்கம்பக்கத்துக்கு முக்கியம்.

அவர்களுடைய அப்பா காலமான பிறகு கோர்ட் அனுப்பிய ஒரு வக்கீல் வந்து நூல் பிடித்து வீட்டைப் பிரித்தார். நூல் நேராகத்தான் போயிற்று, வீடுதான் கோணலாக இருந்தது. அதனால் கிழக்குப் பாதி பெரியவருக்குப் போனபோது மாடிப்படி அவரோடு போயிற்று, மேற்குப் பாதி சின்னவருக்கு வந்தபோது தண்ணீர்த் தொட்டி அவரோடு வந்தது, பூஜை அறையில் விளக்கு ஒரு பக்கமும் தீப்பெட்டி வைக்கிற மாடம் மறுபக்கமும் நின்றன. பெரியவர் புதிதாக ஒரு தொட்டி வைத்துக்கொண்டார், சின்னவர் வெளியே ஓர் இரும்பு ஏணி வைத்துக்கொண்டார், நடுவில் சுவர் எழுந்தது. சுவரில் குழாய் போவதற்கென்று கொத்தனார் ஒரு கிண்ணம் நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டிருந்தார். குழாய் யாருடையது என்று முடிவாகாததால் குழாய் வரவே இல்லை. பதினோரு வருஷம் இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தோடு பேசவில்லை. பெரியவரின் மகன் கல்யாணத்துக்குச் சின்னவர் வந்தார், மணமேடைக்கு முன்னால் எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்தார், பந்திக்குக் கூப்பிட்டபோது கை நனைக்காமல் எழுந்து போனார். எங்கள் பக்கத்தில் பந்தியில் உட்காராமல் போவது கல்லெறிவதைவிடப் பெரிய காரியம். கல்லெறிந்தால் போலீஸுக்காவது போகலாம்.

வெயில் விவகாரம் பெரியவர் ஆரம்பித்தது. தன் பாதி மொட்டைமாடியில் வெள்ளி நிறத் தார்ப்பாய் ஒன்றைக் கட்டி, அதில் பட்டுத் திரும்புகிற சூடு தம்பி வீட்டு ஜன்னலில் போய் விழும்படி சாய்த்துவிட்டார். அடுத்த கோடையில் தம்பி அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கி, சூட்டை அண்ணன் வீட்டு அடுப்படிக்குத் திருப்பினார். அதற்கடுத்த கோடையில் அண்ணன் இன்னும் பெரிதாக, அதற்கும் அடுத்ததில் தம்பி அதைவிடப் பெரிதாக. பெரிதாக வேண்டுமென்றால் மெல்லியதாக வாங்க வேண்டும், மெல்லியதாக வாங்கினால் இன்னும் பெரிதாக வாங்கலாம் என்று கண்டுகொண்டு, கடைசியில் கல்யாண ஜோடனைக்குப் பயன்படுத்தும் ஜிகினாத் தாளைவிட மெல்லிய ஒரு வெள்ளிப் படலத்தை வண்டி வண்டியாக வரவழைத்து, தெருவின் வானத்தை இரண்டு பேரும் மூடினார்கள். பெரியவர் தன் பாயின் கயிறுகளைத் தம்பி வீட்டுத் தூண்களில் கட்டினார், காற்று இழுக்கும்போது அவன் வீடு விரிசல் விடட்டும் என்று. தம்பி தன் பாயின் கயிறுகளை அண்ணன் வீட்டுத் தூண்களில் கட்டினார், அதே நல்லெண்ணத்தில். பிறகு அடுத்தவன் தன் பாயைக் கழற்றிக்கொண்டு தப்பித்துவிடக் கூடாது என்பதற்காக ஆளுக்கொரு பகலில் ஏறி, நடுவில் இரண்டு பாயையும் சேர்த்துத் தைத்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவன்தான் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தார்கள். இப்படி ஒரு முடிச்சை வேறு எந்த ஊர்க்காரனும் போட்டிருக்க மாட்டான்.

வெளிச்சம் தள்ளும் என்பது இயற்பியலில் உள்ளதுதான். ஆனால் ஓர் ஏக்கர் கண்ணாடியை விரித்தால் சூரியன் அதன்மேல் வைக்கிற பாரம் அரைப்பவுன் மோதிரத்தின் எடைகூட இராது என்று புத்தகம் சொல்கிறது. புத்தகம் எழுதியவர்களுக்குப் பங்காளிகள் இல்லை போலிருக்கிறது. வெயில் மேலிருந்து கீழாகத்தானே வரும், வீடு எப்படி மேலே போகும் என்று கேட்பவர்கள் வெயிலுகந்தபுரத்துக்கு மே மாதத்தில் வந்ததில்லை. எங்கள் தெருவில் வெயில் கீழிருந்துதான் அதிகம் வரும். தார்ச் சாலையிலிருந்தும் சிமெண்டு முற்றங்களிலிருந்தும் அது எழும்பி, குனிந்து நடப்பவர்களின் முகத்தில்தான் முதலில் அறையும்.

அந்த உச்சிப்பொழுதில் முதலில் மின்சாரக் கம்பிகள் இழுபட்டு அறுந்தன, பிறகு கழிவுநீர்க் குழாய் கழன்றது, பிறகு தேர் நிலையைவிட்டு அசைவதுபோல ஒரு முனகலோடு வீடு எழும்பிற்று. எதிர்வீட்டில் ஜாக்கெட் தைக்கிற பரிபூரணம் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தாள். தெருவிலேயே அதிகம் பேருடைய அளவு தெரிந்தவள், தெருவிலேயே அதிகம் பேரோடு பேச்சுவார்த்தை இல்லாதவள் அவள்தான்.

"அப்பாடா," என்றாள். "இனிமே நம்ம வீட்டுக்கும் கொஞ்சம் காத்து வரும்."

சின்னவரின் மகள் மிருதுளா, ஒன்பது வயது, அபாகஸ் வகுப்பு முடிந்து பையோடு தெருமுனையில் திரும்பியபோது வீடு வேப்பமரத்துக்கு மேலே இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா அமுதசெல்வி எதையோ கத்தினாள், உயரத்தில் அது கேட்கவில்லை. பிள்ளை நடுத்தெருவில் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"உள்ள வாடி," என்றாள் பரிபூரணம். "நின்னு பாத்தா எறங்கிருமா? வெயில்ல கறுத்துப் போவ."

அப்படித்தான் மிருதுளா எதிர்வீட்டுப் பிள்ளை ஆனாள்.

அந்த வீட்டில் போனவர்கள் எப்படிச் சாகாமல் இருந்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அண்ணன் வீட்டுக் கருவாட்டு வாசம் தம்பி வீட்டுக்கும், தம்பி வீட்டுத் தாளிப்பு வாசம் அண்ணன் வீட்டுக்கும் வந்துவிடாதபடி பதினோரு வருஷமாக இரண்டு பேரும் ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, சுவர் ஓட்டை எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு மூச்சுக் காற்று வெளியே போக வழியில்லை. ஒரு கரண்டி சர்க்கரைகூட மறுபக்கத்தில் கேட்கிற நிலைமை வந்துவிடக் கூடாதென்று அரிசியும் பருப்பும் கருவாடும் வத்தலும் பரண் வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். தொட்டித் தண்ணீரோ, நாம் முதலில் காலி செய்தால் அவன் சிரிப்பான் என்று இரண்டு பக்கமும் சொட்டுச் சொட்டாகச் செலவழித்ததில் குறையவே மறந்துவிட்டது. கிரகம் விட்டுக் கிரகம் போவதற்கு இவ்வளவு கச்சிதமாகத் தயாரான வாகனத்தை எந்த அரசாங்கமும் கட்டியதில்லை. அதற்கு வேண்டிய விரோதம் அரசாங்கங்களிடம் இல்லை.

தெரு நடந்ததைச் சீக்கிரமே செரித்துக்கொண்டது. காலி மனையில் முதல் வாரம் மூன்று ஆட்டோக்கள் நின்றன, இரண்டாம் வாரம் ஒரு கட்சிக்கொடிக் கம்பம் நின்றது, அதைப் பார்த்து மறு கட்சியின் கம்பமும் நின்றது, இரண்டு கம்பத்துக்கும் நடுவில் சண்டை வராமல் இருக்க ஒரு பிள்ளையாரை வைத்தார்கள், பிள்ளையாருக்குத் தகரக் கூரை வந்தது, அபிஷேகத் தண்ணீர் போக வாய்க்கால் வந்தது, வாய்க்கால் யார் வாசல் வழியாகப் போவது என்று ஒரு சண்டை வந்தது, அந்தச் சண்டை வந்ததும் இடம் முழுமையாகத் தெருவுக்குச் சொந்தமாகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் பெரியவரின் மகனுக்குப் போன் போட்டு, உங்கள் வீடு நிலாவைத் தாண்டிவிட்டது என்றார்கள். மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னான்.

சாயங்காலங்களில் மேற்கே அந்தி வெள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி வீடு மினுங்குவது தெரிந்தது. வானத்தில் ஒன்று நகர்ந்தால் அது யாருக்காவது கெடுதல் செய்தாக வேண்டும் என்பதால், பிள்ளையார் கோவில் பக்கத்தில் உட்கார்கிற ஜோசியர் அதைக் கட்டத்தில் போட ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் பங்காளிக் கோள். அது ஒருவருடைய ராசிக்கு எட்டில் வந்தால் மாமியார் வந்து தங்குவாள், பன்னிரண்டில் வந்தால் போர் போட்டாலும் தண்ணீர் வராது, ஏழில் வந்தால் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போய்த் தகவல் சொல்ல மாட்டார்கள். இதெல்லாம் முன்பும் நடந்து கொண்டிருந்தவைதான், ஆனால் முன்பு இவற்றுக்கு முகம் கிடையாது. இப்போது வனராஜன் முகமும் ஜெயப்பிரகாசம் முகமும் இருந்தன. செவ்வாய்க்கிழமை அந்தியில் வாசலில் நின்று அந்தத் திசையைப் பார்த்து மூன்று தரம் துப்புவது பரிகாரம். தெருவே வரிசையாக நின்று துப்பும். மிருதுளா மட்டும் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள், பரிபூரணம் அவளுக்கும் சேர்த்துத் துப்புவாள்.

போன் வேலை செய்தது. டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் மறைக்க எதுவும் இல்லாததால் தெருவில் இருந்ததைவிடத் தெளிவாகக் கேட்டது. தூரம்தான் தொல்லை. முதல் மாதம் சொன்னதற்குப் பதில் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் வந்தது. பிறகு அடுப்பில் பால் பொங்குகிற நேரம் ஆயிற்று. செவ்வாயைத் தாண்டியபோது ஒரு கேள்வி போய்ச் சேர்ந்து அதன் பதில் திரும்பி வருவதற்குள் பரிபூரணம் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்து முடித்தாள். வெளிச்சத்துக்கே அவ்வளவு நேரம் ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். பரிபூரணத்துக்கு இது பிடிக்கவில்லை. ஏச்சு என்பது எதிராளி வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைச் சொல்வது. இந்த ஏற்பாட்டில் அவள் சொன்ன ஏச்சு வானத்தில் எங்கோ தனியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கோபம் ஆறிவிடுகிறது.

"ஏம்மா, நீ எப்ப வருவ?" என்று மிருதுளா கேட்பாள், கேட்டுவிட்டுப் போனைத் தையல் மிஷின்மேல் வைத்துவிட்டு விளையாடப் போவாள். திரும்பி வரும்போது, "வந்துருவேன் கண்ணு, சீக்கிரம் வந்துருவேன்," என்று காலியான அறையில் அம்மாவின் குரல் சொல்லி முடித்திருக்கும். முதல் வருஷம் தினமும் கேட்டாள். இரண்டாம் வருஷம் வாரத்துக்கு ஒருமுறை கேட்டாள். பிறகு ஒருநாள், "நீ வராட்டியும் பரவாயில்ல, எனக்கு இங்க எல்லாம் இருக்கு," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அணைத்துவிட்டாள்.

அந்த வாக்கியம் போய்ச் சேர்ந்த அன்றுதான் அமுதசெல்வி கோலமாவை எடுத்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பிள்ளை தன்னை மறப்பதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். அடுப்படிக் கூரையில் ஆணி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது, அதன்மேல் கண்ணாடிச் சில்லு ஒட்டியிருந்தது, அதன் வழியாகச் சூரியன் தரையில் ஒரு வட்டம் போடும். கிளம்பிய புதிதில் அந்த வட்டம் வடைத்தட்டு அளவு இருந்தது அவளுக்கு நினைவிருந்தது; இப்போது ஒரு வடை அளவுகூட இல்லை. அவள் அதைச் சுற்றி மாவால் கோடு போட்டாள். மறுநாள் வட்டம் கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருந்தது. இன்னொரு கோடு போட்டாள். ஒரு மாதம் கோடு போட்டதில் அவளுக்கு ஒன்று விளங்கிற்று.

அண்ணனும் தம்பியும் பாய்க் கயிறுகளை வெண்டிலேட்டர் வழியாக வீட்டுக்குள் இழுத்து வைத்திருந்தார்கள். தம்பி பாயின் கயிறு அண்ணன் கையில், அண்ணன் பாயின் கயிறு தம்பி கையில். காலையில் காபி குடித்ததும் இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் உட்கார்ந்து இழுக்க ஆரம்பிப்பார்கள், இருட்டுவது என்பது இல்லாத இடம் ஆதலால் அலுக்கும்வரை இழுப்பார்கள். இருவரும் சம பலத்தில் இழுக்கும்போது பாய் சூரியனுக்கு நேராக விறைத்து நின்றது, வட்டம் அப்படியே இருந்தது. பெரியவர் கை ஓங்கிய நாட்களில் பாய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, வீட்டின் ஓட்டம் மட்டுப்பட்டது, மறுநாள் வட்டம் கோட்டைத் தாண்டி வழிந்தது. சின்னவர் கை ஓங்கிய நாட்களில் பாய் மறுபக்கம் சாய்ந்தது, வட்டம் சுருங்கிற்று. சின்னவர் இளையவர், தோள் வலுவானவர், வீட்டில் ஜெயித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். ஊருக்குத் திரும்ப வேண்டுமென்றால் அமுதசெல்வியின் புருஷன் தோற்க வேண்டும், தினமும் தோற்க வேண்டும்.

"ஏங்க," என்றாள். "கொஞ்ச நாளைக்குக் கயித்தை விட்டுக் குடுங்க."

"எவனுக்கு?"

"பிள்ளைக்கு. பெரியவுக இழுத்தா வீடு ஊருப்பக்கம் திரும்புது. மாவுக்கோட்டை வந்து பாருங்க."

ஜெயப்பிரகாசம் வந்து பார்த்தார். அவருக்கும் பிள்ளைமேல் உயிர்தான். மாவுக்கோடுகளைப் பார்த்துக் கண் கலங்கத்தான் செய்தார். ஆனால் கயிற்றைக் கையில் சுற்றியபடியேதான் வந்திருந்தார்.

"நான் விட்டா, பிள்ளைக்காக விட்டான்னு அவன் நினைப்பானா, தோத்துட்டான்னு நினைப்பானா?"

"என்ன நினைச்சா என்ன?"

"அப்ப நீ அந்தப் பக்கத்து ஆளு," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து இன்னும் பலமாக இழுத்தார். அந்த வாரம் வட்டம் கடலைமிட்டாய் அளவுக்குச் சுருங்கிற்று. அமுதசெல்வி கோபத்தில் ஒரு சொம்பை எறிந்தாள். அந்த உயரத்தில் எறிந்தது விழுவதில்லை ஆதலால் அது சத்தமே இல்லாமல் அறை அறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சண்டை போட்ட திருப்திகூட இல்லை.

ஆகவே ஒரு மத்தியானம், புருஷன் உண்ட களைப்பில் கண்ணசந்த நேரம் பார்த்து, அவள் சுவர் ஓட்டையில் அடைத்திருந்த துணியை உருவிவிட்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மறுபக்கத்தில் அவளுடைய ஓரகத்தி, பெரியவரின் மனைவி சந்திரலீலா, அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

புடைக்கிற சத்தம் நின்றது. "சுவரு பேசுதேன்னு பாத்தேன்," என்றாள் சந்திரலீலா. "இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு."

"ஒரு விஷயம் சொல்லணும்."

"ஒன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. அவருக்குத்தான் ஒலகத்துல எல்லாம் தெரியுமே."

"பெரியவுக ஜெயிச்சா வீடு ஊருக்குத் திரும்புது. எங்க வீட்டுக்காரர் ஜெயிச்சா விலகிப் போகுது. தினமும் வெயிலை அளந்து பாக்கேன்."

முறத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "அதாவது எங்க வீட்டுக்காரர் நல்லவரு, ஒன் வீட்டுக்காரர் வெளங்காதவருன்னு வெயிலே சொல்லுது."

"அப்படியே வச்சுக்கங்க."

"நான் வச்சுக்கிறது இருக்கட்டும். ஒன் வாயால சொல்லு."

அமுதசெல்வி புருஷன் தூங்குகிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "பெரியவுக நல்லவுக."

"இன்னொண்ணு?"

"எங்க வீட்டுக்காரர் வெளங்காதவரு."

"இதைச் சொல்ல ஒனக்கு இவ்வளவு காலம் ஆச்சு. சரி, என்ன செய்யணும்?"

"தினமும் அவரைச் சாப்பாடு போட்டுத் தூங்க வைக்கிறேன். அந்த நேரம் பெரியவுக நல்லா இழுக்கட்டும்."

"தூங்குறவன்கிட்ட ஜெயிக்க எங்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? அவருக்கும் ரோஷம் இருக்கு."

"தூங்குறாருன்னு சொல்லாதீங்க."

சந்திரலீலா சிரித்தாள், சிரிப்பில் தவிடு பறந்திருக்க வேண்டும், தும்மினாள். பிறகு குரலை இறக்கினாள். "செய்யிறேன். ஆனா ஒண்ணு. என் மகன் கல்யாணத்துல ஆயிரம் பேரு பாக்க ஒன் வீட்டுக்காரர் எலையில உக்காராம போனாரு. எங்க அண்ணன்மாருக்கு முன்னால எனக்கு உயிரு போயிருச்சு. அவரைத் தூங்க வைக்கிற சாப்பாடு ஒன் அடுப்புல பொங்கக் கூடாது. என் அடுப்புல பொங்குனது. இந்த ஓட்டை வழியா தருவேன், நீ போடணும், அவரு கை நனைக்கணும். தெரியாமத்தான் நனைக்கட்டும், எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

அன்றிலிருந்து ஓட்டை வழியாகக் கிண்ணங்கள் வந்தன. புளி தூக்கலான கருவாட்டுக் குழம்பு, தேங்காய் அரைத்த சுண்டவத்தல், நெய் மிதக்கிற பருப்பு. ஜெயப்பிரகாசம் இலையை வழித்துத் தின்றார். "கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒனக்குச் சமையல் கை வந்திருக்கு," என்றார். அமுதசெல்வி அதையும் விழுங்கிக்கொண்டாள். அவர் கயிற்றைக் கட்டில் காலில் சுற்றிவிட்டுக் குறட்டை விட்டார், மறுபக்கம் பெரியவர் மூச்சு வாங்க இழுத்தார், என் கை ஓங்குகிறது பார் என்று மனைவியிடம் பெருமையடித்தார், தரையில் வட்டம் ஒவ்வொரு கோடாகத் தாண்டி வெளியே வந்தது. வடை ஆயிற்று, பூரி ஆயிற்று. எந்த அடுப்பில் பொங்கியது என்று தெரியாமல் ஒருவரும், யாரிடம் ஜெயிக்கிறோம் என்று தெரியாமல் ஒருவருமாக இரண்டு ஆண்கள், இரண்டு பெண்களின் விரோதத்தால் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

வட்டம் வடைத்தட்டு அளவுக்கு வந்து, ஜன்னலில் நீலமாகக் கடலும், பழுப்பாக நம் ஜில்லாவும், கடைசியில் வேப்பமரத்து உச்சியும் தெரிந்தபோது சந்திரலீலாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஜெயித்த சங்கதி தோற்றவனுக்குத் தெரியாவிட்டால் அது என்ன ஜெயிப்பு. ஓட்டையில் வாயை வைத்துச் சொன்னாள்: "கொழுந்தனாரே, நேத்து ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்னீங்களே, அந்தக் குழம்புக்கு உப்பு சரியா இருந்துச்சா? எங்க வீட்டுக் குழம்பு அது. எட்டு மாசமா எங்க வீட்டுச் சோறுதான். தின்னுட்டு நீங்க தூங்குன நேரம்தான் எங்க வீட்டுக்காரர் இழுத்தாரு."

ஜெயப்பிரகாசம் மனைவியைப் பார்த்தார். அவள் இல்லை என்று சொல்லவில்லை. அவர் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். பிறகு கதவை உடைப்பதுபோலத் திறந்து, இரும்பு ஏணி வழியாக மொட்டைமாடிக்கு ஏறினார். பெரியவரும் சத்தம் கேட்டு மாடிப்படி வழியாக வந்துவிட்டார். பதினோரு வருஷத்துக்கும் அதன்மேல் வானத்தில் கழிந்த காலத்துக்கும் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அப்போதுதான் பேசப்பட்டது.

"நான் தூங்கும்போது இழுத்துருக்கடா நீ."

"என் சோத்தைத் தின்னுட்டுத்தானடா தூங்குன."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கயிற்றைப் பிடித்தார்கள். பெரியவருக்கு வயதானாலும் அவமானம் பலம் கொடுத்தது. பாய் விறைத்து நின்றது, வீடு வேப்பமரத்துக்கு மேலே, இறங்காமலும் ஏறாமலும், தெருவின்மேல் நிழலைப் போட்டுக்கொண்டு நின்றது.

தெரு ஏற்கெனவே கூடியிருந்தது. வரவேற்க அல்ல. பங்காளிக் கோள் இறங்கினால் பிள்ளையார் எங்கே போவார், கம்பங்கள் எங்கே போகும், ஆட்டோ எங்கே நிற்கும் என்று காலையிலிருந்தே பேச்சு நடந்துகொண்டிருந்தது. அது தரையைத் தொட்டால் எல்லா ராசிக்கும் ஒரே நேரத்தில் எட்டில் வந்ததாக ஆகிவிடும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். வெயில் அடித்துத்தானே போச்சு, வெயில் அடித்தால் திரும்பவும் போகும் என்று சொன்னவள் பரிபூரணம். வீட்டுக்கு வீடு எவர்சில்வர் தட்டுகளும் தாம்பாளங்களும் வெளியே வந்தன, வாசலில் நின்று எல்லோரும் வெயிலை வாங்கி மேலே திருப்பினார்கள், நூறு வெளிச்சங்கள் பாயின் அடிவயிற்றில் போய் விழுந்தன. தெருவில் இவ்வளவு ஒற்றுமையை ஒரு தேர்த் திருவிழாவிலும் யாரும் கண்டதில்லை. பரிபூரணத்துக்கு மட்டும் மற்றவர்களுக்கு இல்லாத சொந்தக் காரணம் ஒன்று இருந்தது. அது இரட்டைச் சடை போட்டு, அவள் தைத்த பாவாடை உடுத்தி, அவள் பக்கத்திலேயே ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

அமுதசெல்வி அதை மேலிருந்து பார்த்தாள். வீடு அசைந்து ஒரு சாண் மேலே போனது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போனால் கயிறும் எட்டாது. அவள் தண்ணீர்த் தொட்டியைக் கட்டியிருந்த வடத்தை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் முடிந்தாள்.

"எங்க போற?" என்று மேலிருந்து ஜெயப்பிரகாசம் கேட்டார்.

"பிள்ளைகிட்ட. நீங்களும் கயித்தை விட்டுட்டு வாங்க."

"அவன் விடட்டும், நான் விடுறேன்."

"முதல்ல அவன் விடட்டும்," என்றார் பெரியவர்.

ஓட்டைக்குப் பின்னால் சந்திரலீலாவின் குரல் கேட்டது. "நீ போடி. ரெண்டு பேருக்கும் நான் பொங்கிப் போடுறேன். இனிமே எங்க வீட்டு அடுப்பு ஒண்ணுதான் இருக்கு, எங்க போயி தின்னுருவாரு."

அமுதசெல்வி வடத்தைப் பிடித்து இறங்கினாள். பாதியில் கீழேயிருந்து வந்த வெளிச்சங்கள் அவள் கண்ணில் அடித்தன, முதுகில் சுட்டன, அவளை மேலே தள்ளப் பார்த்தன. உள்ளங்கை உரிய உரிய அவள் இறங்கிக்கொண்டே இருந்தாள். வடம் முடிந்த இடத்திலிருந்து பரிபூரணத்தின் வீட்டுத் தகரச் சாய்ப்பில் விழுந்து, அங்கிருந்து தெருவில் விழுந்தாள். யாரும் தட்டைக் கீழே போடவில்லை. ஒருவரும் கை கொடுக்கவில்லை. அவள் தானே எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு மகளுக்கு முன்னால் போய் நின்றாள். மகள் அவள் தோள் உயரம் வளர்ந்திருந்தாள்.

மிருதுளா அவளைப் பார்க்கவில்லை. கண் மேலேயே இருந்தது, தட்டும் மேலேயே இருந்தது.

"நானும்தான் புடிச்சேன்," என்றாள். "எல்லாரையும்விட ரொம்ப நேரமா புடிக்கேன்."

"பாத்தேன்," என்றாள் அமுதசெல்வி. "கை வலிக்குதா?"

பரிபூரணம் பிள்ளையின் தோளில் கையை வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். பிள்ளை உதட்டைக் கடித்தாள்.

"வலிக்குது."

அமுதசெல்வி தட்டை வாங்கிக்கொண்டாள். உரிந்த கையில் அது நெருப்பாகச் சுட்டது. மகளைத் தனக்குப் பின்னால் நிழலில் நிறுத்திவிட்டு, மகள் நின்ற இடத்தில் நின்றாள்.

"வெளிச்சம் மரத்துல விழுகுது," என்றாள் பரிபூரணம், அவளைப் பார்க்காமல். "கொஞ்சம் சாச்சுப் புடி."

அமுதசெல்வி தட்டைச் சாய்த்துப் பிடித்தாள். மொட்டைமாடியில் கயிற்றோடு நின்றவரின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. அவருக்குக் கண் கூசிற்று, ஒரு கையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டால் அண்ணன் ஜெயித்துவிடுவான் என்பதால் மறைக்காமல் நின்றார். அவர் முகம் அடையாளம் தெரியாத உயரத்துக்குப் போகும்வரை அவள் தட்டை இறக்கவில்லை.